எதிர்க்காற்றில் இரண்டு சைக்கிள்

ஆனி மாதத்தில் திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரிக்குக் கடலோரமாகச் சைக்கிளில் போகிறோம் என்று சொன்னால், அந்தப் பக்கத்து ஆட்கள் தூரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஏறத்தாழ 90 கிலோமீட்டர், அது அவர்களுக்குத் தெரியும். "காத்து எதுக்கல்லா அடிக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். லாட்ஜில் சாவி கொடுத்தவர் கேட்டார். ராத்திரி தோசை ஊற்றிக் கொடுத்த அம்மா கேட்டார். உடன்குடிப் பக்கத்தில் இருக்கும் என் பெரியம்மா போனிலேயே கேட்டுவிட்டு, "பேசாம பஸ்ல ஏறி வாங்கட்டி ரெண்டு பேரும்" என்றார்.

வேதாரண்யத்தில் தொடங்கி அதிராம்பட்டினம், தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, சாயல்குடி, தூத்துக்குடி என்று கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டே தெற்கே இறங்கி வந்தோம், நானும் அத்தானும். முழுப் பயணத்தையும் எழுத ஆசை இருக்கிறது. இப்போதைக்கு இந்த ஒரு நாளை மட்டும் எழுதுகிறேன். இரண்டு பேராகச் சைக்கிள் ஓட்டுவதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் எல்லாம் அந்த ஒரே நாளில்தான் இருக்கிறது.

முதலில் சாமான்கள். பைக்பேக்கிங் என்றால் பின்னால் கேரியர் வைத்துப் பெரிய பைகளைத் தொங்கவிடுவது கிடையாது. சைக்கிளின் முக்கோணச் சட்டத்துக்குள் ஒரு பை, ஹேண்டில்பாரில் சுருட்டிக் கட்டிய ஒரு பை, சீட்டுக்கு அடியில் நீளமாக ஒரு பை. அவ்வளவுதான் இடம். அகலம் கூடாமல் எல்லாம் உடம்புக்கு நேராகவே இருப்பதால் மணல் பாதையிலும் போகலாம், காற்றிலும் தடுமாற்றம் குறைவு. தனியாகப் போகிறவர் எல்லாவற்றையும் தானே சுமக்க வேண்டும். இரண்டு பேர் என்றால் பிரித்துக்கொள்ளலாம். எங்கள் கூடாரத்தின் துணி என்னிடம், கம்பிகள் அவரிடம். அடுப்பு அவரிடம், பாத்திரம் என்னிடம். மாற்று டியூபும் ஒட்டுத் துண்டுகளும் என்னிடம், காற்றடிக்கும் பம்ப் அவரிடம்.

இந்தக் கடைசி ஏற்பாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கருவேல முள் குத்திச் சக்கரம் இறங்கினால் நான் டியூபை வைத்துக்கொண்டு நிற்பேன், அவர் பம்பை வைத்துக்கொண்டு எங்கோ முன்னால் போய்க்கொண்டிருப்பார். இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தால்தான் பஞ்சரை ஒட்ட முடியும். எடையைச் சமமாகப் பங்கிடத்தான் அப்படிப் பிரித்தோம். ஆனால் பயணம் முழுக்க எங்களைக் கண்ணுக்கு எட்டிய தூரத்திலேயே கட்டிவைத்தது அந்தப் பம்பும் டியூபும்தான்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். கோயிலுக்கு முந்தின நாள் சாயங்காலமே போய்விட்டு வந்திருந்தோம். அந்த நேரத்தில் சாலையில் எதிரே வந்தவர்கள் எல்லாம் பாதயாத்திரைக்காரர்கள், பச்சை வேட்டி, கையில் டார்ச். காற்று இன்னும் எழுந்திருக்கவில்லை. இந்தக் கரையில் இந்த மாதத்துக் காற்றுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. விடியலில் அடங்கியிருக்கும், ஒன்பது பத்து மணிக்கு மேல் கிளம்பும், மத்தியானத்துக்குப் பிறகு உச்சத்தில் நிற்கும், பொழுது சாய்ந்ததும் தளரும். அதனால் பத்து மணிக்குள் எவ்வளவு தூரம் கழிகிறதோ அவ்வளவும் லாபம்.

குலசேகரன்பட்டினத்தைத் தாண்டும்போது கிழக்கு வெளுத்திருந்தது. தசராவுக்கு லட்சக்கணக்கானவர்கள் வேடம் கட்டி வரும் ஊர், அன்று முத்தாரம்மன் கோயில் தெருவில் ஒரு பால்காரர் மட்டும் போய்க்கொண்டிருந்தார். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் இங்கேதான் வருகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ராக்கெட் விட்டால் இலங்கைக்கு மேலே பறக்கக் கூடாது என்பதால் அது கடலுக்கு மேல் வளைந்து போக வேண்டும். அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகும், சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய இழப்பு. குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே பார்த்தால் வெறும் கடல்தான், நேராக விடலாம். அத்தான் இதை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு பேச முடிகிற நேரம் அன்று அந்த ஒரு மணி நேரம்தான் கிடைக்கப்போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் நிறையவே பேசினோம்.

மணப்பாட்டில் நின்றோம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில், 1581-ல் கட்டியது. குன்றின் அடியில் கடலைப் பார்த்தபடி ஒரு குகை. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் அதில் தங்கியிருந்தார். குகைக்குள் ஒரு கிணறு இருக்கிறது. அலை அடிக்கும் தூரத்தில் இருந்தும் அதன் தண்ணீர் உப்புக் கரிக்காது. திருச்செந்தூரில் நாழிக்கிணறும் இப்படித்தான், கடற்கரையிலேயே நல்ல தண்ணீர். இந்தக் கரையில் மணலுக்கு அடியில் மழைநீர் எப்படித் தங்குகிறது என்பதை இந்த இரண்டு கிணறுகளைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். கனம் குறைந்த நன்னீர் மேலே மிதக்கும், கனமான கடல்நீர் கீழே கிடக்கும். அளவோடு இறைக்கும்வரை இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கும். ஆழ்துளை போட்டு உறிஞ்சினால் உப்பு மேலே ஏறிவிடும். கடலோரக் கிராமங்கள் பலவற்றில் அது நடந்துவிட்டதை வரும் வழியெல்லாம் பார்த்தோம், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் குடங்களின் வரிசையாக.

மணப்பாட்டிலிருந்து பெரியதாழைக்குப் போகும் வழியில் ஒரு பனங்காடு. சாலையிலிருந்து புகை தெரிந்தது. பெரியம்மா வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்தப் புகையின் வாசம் தெரியாதா? விடிலி. பதநீர் காய்ச்சுகிறார்கள். சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம்.

அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் அப்போதுதான் மரத்திலிருந்து இறங்கி வந்திருந்தார். இடுப்பில் அருவாப்பெட்டி, கையில் கலயம். அவர் மனைவி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து பனைமட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தார். அகலமான சட்டியில் பதநீர் பொங்கிக்கொண்டிருந்தது.

"எங்கருந்து வாரிய?"

"வேதாரண்யத்துலருந்து வாறோம் மாமா. ஊரு மதுரை. உடன்குடிதான் எங்க அம்மா பொறந்த ஊரு."

உடன்குடி என்றதும் அந்த அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு பட்டை மடிக்கச் சொன்னார். குருத்தோலையை மடித்துக் கட்டினால் இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிற மாதிரி ஒரு பாத்திரம் கிடைக்கும். அதுதான் பட்டை. பதநீரைக் கண்ணாடித் தம்ளரில் குடிப்பதற்கும் பட்டையில் குடிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அத்தான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். ஓலையின் பச்சை மணம் முதலில் வரும், அப்புறம் இனிப்பு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் சுண்ணாம்பின் ஒரு சிறு உறைப்பு. கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவாவிட்டால் பாளையிலிருந்து சொட்டுகிற நீர் வெயில் ஏறுவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும்.

அந்தப் பெரியவர் காலையிலும் சாயங்காலமுமாக இரண்டு வேளை ஒவ்வொரு மரமும் ஏறுகிறார். காலையில் இறக்கிய பதநீரை அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும், நாளைக்கு என்று வைக்க முடியாது. மணிக்கணக்காகக் கொதித்து, நிறம் மாறி, பாகு பதத்துக்கு வரும் நேரத்தில் துடுப்பை நிறுத்தாமல் கிண்ட வேண்டும். பிறகு சிரட்டைகளில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டி. ஒரு நிமிஷம் முந்தினால் இறுகாது, ஒரு நிமிஷம் பிந்தினால் கசக்கும். அந்தப் பதம் கணவருக்குத் தெரியாது என்று அந்த அம்மா சொன்னார். பெரியவரும் ஒப்புக்கொண்டார். "நான் ஏறுவேன். இத எனக்கு ஒண்ணும் தெரியாது. இவளுக்கு ஒரு வாரம் காய்ச்சல்னு படுத்தா நான் ஏறியும் பிரயோசனம் இல்ல."

"இந்தக் காத்துல ஏறுறது கஷ்டம் இல்லையா மாமா?"

"மரம் ஆடும். ஆடட்டும். மரத்தோட சேந்து நாமளும் ஆடணும், எதுத்து நிக்கக் கூடாது."

உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பெரியவரின் பிள்ளைகள் யாரும் ஏறுவதில்லை. ஏறச் சொல்லி நானும் சொல்ல மாட்டேன், விழுந்தால் இடுப்பு போகிற வேலை அது. குறியீடு பெயரைக் காப்பாற்றும். பாளையைச் சீவத் தெரிந்த கையைக் காப்பாற்ற அதைவிடக் கூடுதலாக எவ்வளவோ செய்ய வேண்டியிருக்கிறது: நியாயமான விலை, ஏறுவதற்குப் பாதுகாப்பான கருவி, சீசன் இல்லாத மாதங்களுக்கு ஒரு வருமானம். கடையில் சர்க்கரை கலந்த கருப்பட்டியை மலிவு என்று வாங்கும் ஒவ்வொரு தடவையும் அந்த விடிலியின் அடுப்பு ஒரு நாள் குறைவாக எரிகிறது. நல்ல கருப்பட்டிக்கு ஏன் அவ்வளவு விலை என்று கேட்கிறவர்கள் ஒரு காலை அந்தப் புகையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நாங்கள் இரண்டு கிலோ வாங்கினோம். சட்டப்பையில் இடம் பண்ண அத்தான் தன் மாற்றுச் சட்டை ஒன்றை எடுத்து ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டார்.

சாலைக்குத் திரும்பியபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. பனையோலைகள் சலசலக்கத் தொடங்கியிருந்தன.

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அதன்மேல் கோபம் வராது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மலையில் மோதி மழையைக் கொட்டிவிட்டு உலர்ந்துபோய் இந்தப் பக்கம் இறங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை முடியப்போகிற இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய். பரந்து வந்த காற்று அந்த இடுக்கில் நெருங்கி வேகம் எடுத்துக் கிழக்கே பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதற்கு அதுதான் காரணம். இந்தப் பக்கத்துச் செம்மணல் தேரிகளும் இந்தக் காற்று குவித்தவைதான். நாங்கள் போக வேண்டிய திசை தென்மேற்கு. கணவாயின் வாயை நோக்கித்தான் போகிறோம்.

கணக்கு எளிது. காற்று மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வருகிறது, நாம் 12-ல் போகிறோம் என்றால் உடம்பில் படும் காற்றின் வேகம் 37. காற்றின் தடை அந்த வேகத்தின் வர்க்கத்தில் கூடும். காற்றில்லாத நாளில் அதே 12-ல் போவதைவிட ஒன்பது மடங்குக்கும் மேலான தடை. மேடு ஏறினால் ஒரு கட்டத்தில் உச்சி வரும், இறக்கத்தில் கூலி கிடைக்கும். எதிர்க்காற்றுக்கு உச்சி கிடையாது.

அங்கேதான் இரண்டாவது சைக்கிள் வருகிறது. முன்னால் போகிறவர் காற்றைப் பிளக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்துக்குக் காற்று தளர்ந்து இருக்கும். பின்னால் வருகிறவர் தன் முன்சக்கரத்தை அவருடைய பின்சக்கரத்துக்கு ஒன்றிரண்டு அடி தள்ளி வைத்துக்கொண்டு அந்த மறைவிலேயே வந்தால் உழைப்பு கண்கூடாகக் குறையும். முதல் தடவை அந்த மறைவுக்குள் நுழைகிறவர்களுக்குக் காதில்தான் தெரியும்: இரைச்சல் சட்டென்று தணிந்துவிடும்.

தொடக்கத்தில் கடிகாரம் பார்த்து மாறினோம். கால்மணி நேரம் நீ, கால்மணி நேரம் நான். நியாயமாகத்தான் தோன்றியது. பெரியதாழையைத் தாண்டியதும் அது சரிப்படவில்லை. அத்தான் என்னைவிட உயரம், தோள் அகலம். அவர் முன்னால் போனால் எனக்கு முழு மறைவு கிடைக்கும். நான் முன்னால் போனால் அவருக்குப் பாதி உடம்புதான் மறையும். ஆகவே ஒரே நேரத்துக்கு மாறினாலும் ஒரே பங்கு ஆகாது. இன்னொன்று, காலையில் அவர் உடம்புக்கு இருக்கிற பலம் எனக்கு இருக்காது. எனக்கு மூட்டுகள் இளகவே மூன்று மணி நேரம் ஆகும். வெயில் ஏறிய பிறகு கதை மாறும். அவருக்கு வியர்வை அருவியாகக் கொட்டி உப்பு வெளியேறிக் கால் தசை பிடிக்கும், நான் அப்போதுதான் ஓட்டவே தொடங்கியிருப்பேன். கல்யாணமான புதிதில் இது தெரியாமல் மலைப்பாதைகளில் நிறையச் சண்டை போட்டிருக்கிறோம். இப்போது கடிகாரத்தை விட்டுவிட்டோம். முடிந்தவர் முன்னால். முடியாதபோது சொல்ல வேண்டும், வீம்புக்கு இழுக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

அப்படி உவரி வரைக்கும் பெரும்பாலும் அவர்தான் முன்னால். உவரியில் சுயம்புலிங்க சுவாமி கோயிலில் வேண்டுதல்காரர்கள் ஓலைப்பெட்டியில் கடல்மண்ணை அள்ளித் தலையில் சுமந்துகொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளிக் கப்பல் வடிவத்திலேயே கட்டிய மாதா கோயில், கடலோடிகளின் ஊர் என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. நிழலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு, கடற்கரைச் சாலையை விட்டு உள்ளே திரும்பினோம். இடையன்குடிக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை.

கால்டுவெல் வாழ்ந்த ஊர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை அவர் 1856-ல் வெளியிட்டார். தமிழ் தனித்து நிற்கும் ஒரு குடும்பத்தின் மொழி என்பதை உலகத்துக்கு நிறுவிக்காட்டிய நூல். தேரிமணலும் பனையும் மட்டும் இருந்த இந்த ஊரில் இருந்துகொண்டு அதை எழுதினார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியம் தீரவில்லை. 1838-ல் சென்னைக்கு வந்தவர், 1841-ல் திருநெல்வேலிக்குப் போக வேண்டி வந்தபோது நடந்தே வந்தார். தஞ்சாவூர், நீலகிரி, மதுரை என்று சுற்றிக்கொண்டு, ஊர்களையும் பேச்சையும் தெரிந்துகொள்வதற்காகவே நடந்த நடை அது. சைக்கிளில் கடலோரமாக வரும் எங்களுக்கு அந்த நடை நெருக்கமாகப் பட்டதில் வியப்பில்லை. வண்டியில் போனால் ஊர்ப்பெயர்ப் பலகை தெரியும். மெதுவாகப் போனால்தான் ஓர் ஊரில் 'வாரிய' என்பது அடுத்த ஊரில் 'வாறீங்க' ஆவது காதில் விழும்.

அவர் எழுதியது எல்லாம் கொண்டாடத்தக்கது என்று சொல்ல மாட்டேன். பனையேறும் மக்களைப் பற்றி 1849-ல் அவர் வெளியிட்ட நூல் அந்தச் சமூகத்தை ஆழமாகப் புண்படுத்தியது. என் அம்மா வழியில் அதைப் பற்றிய கசப்பு இன்றும் இருக்கிறது, அது நியாயமான கசப்பு. காலையில் விடிலியில் உட்கார்ந்திருந்துவிட்டு மத்தியானம் அவருடைய நினைவிடத்தில் நிற்கும்போது இரண்டையும் சேர்த்துத்தான் நினைக்க முடிந்தது.

எனக்கு அங்கே பார்க்க வேண்டியிருந்தது எலைசாவின் ஊரை. நாகர்கோவிலில் மிஷன் வேலை பார்த்த சார்லஸ் மால்ட்டின் மகள். 1844-ல் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்து இங்கே வந்தார். இந்தப் பக்கத்திலேயே வளர்ந்த பெண், பேச்சுத்தமிழ் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார், தன் அம்மா நாகர்கோவிலில் செய்ததைப்போல இங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். கையில் ஒரு தொழில், அதில் வரும் காசு என்பது அந்தக் காலத்து இடையன்குடிப் பெண்ணுக்கு என்னவாக இருந்திருக்கும்! கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் பிடித்து 1880-ல் திறந்த அந்தப் பெரிய தூய திரித்துவ ஆலயத்துக்குள் நிற்கும்போது நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இலக்கணம் எழுதியவர் பெயரில் சிலையும் நினைவு இல்லமும் இருக்கின்றன, இருக்க வேண்டியதுதான். பேச்சுவழக்கில் ஒரு சொல் எப்படி ஒலிக்கும் என்று அவர் முதலில் யாரிடம் கேட்டிருப்பார்? புத்தகத்தின் ஒப்பிலக்கணப் பக்கங்களில் அந்தக் குரல் எங்காவது இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

மூன்று மணி வரைக்கும் வேப்பமரத்து நிழலில் படுத்திருந்தோம். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உப்பும் கருப்பட்டித் துண்டும் போட்டு இரண்டு பாட்டிலிலும் நிரப்பிக்கொண்டோம். கடையில் விற்கும் உப்புநீர்ப் பொட்டலத்தைவிட அது எனக்கு ஒத்துக்கொள்ளும்.

நவ்வலடி வழியாகக் கடற்கரைச் சாலைக்கு வந்ததும் அடித்த காற்றைச் சொல்ல வேண்டும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, ஆடி பிறக்க இன்னும் நாள் இருந்தது. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் காற்றாலைகள், எல்லாம் ஒரே பக்கம் முகம் காட்டிக்கொண்டு. நாங்களும் அந்தப் பக்கம்தான் முகம் வைத்துப் போக வேண்டும். வேகம் எட்டுக்கு இறங்கியது. மணல் தாரோடு தாராக ஓடிவந்து முழங்காலில் குத்தியது. கூத்தங்குழி விலக்கு வரைக்கும் அத்தான் முன்னால், அதற்குப் பிறகு நான், பிறகு திரும்ப அவர். காற்றாலைகளை எண்ணி மாறினோம்: அடுத்த மூன்று காத்தாடி வரைக்கும் நீ.

எதிர்க்காற்றில் பேச்சுக்கு ஒரு திசை உண்டு. முன்னால் இருப்பவர் சாதாரணமாகப் பேசினாலே பின்னால் வருகிறவருக்குக் கேட்கும், காற்று கொண்டுவந்து கொடுத்துவிடும். பின்னால் இருப்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் முன்னால் போகாது. ஆகவே முன்னால் போகிறவர்தான் அடிக்கடி திரும்பிப் பார்க்க வேண்டும். பின்னால் இருப்பவருக்கு வேறு வழியே இல்லை, மணியை அழுத்தி அழுத்தி அடிக்கலாம், அதுவும் சில சமயம்தான் கேட்கும். அத்தான் ஒவ்வொரு மைல்கல்லிலும் திரும்பிப் பார்ப்பார். அவர் கழுத்து திரும்புவதை அன்றைக்கு முழுக்கப் பார்த்துக்கொண்டே வந்தேன். இடையில் ஒருமுறை மறைவிலிருந்து நான் விலகிவிட்டேன், இரண்டு ஆள் தூரம்தான். ஒருமுறை விட்டுவிட்டால் காற்று உள்ளே புகுந்துவிடும், எட்டிப் பிடிக்க முடியாது. நான் கூப்பிடவில்லை. அவர் திரும்பினார், மிதிப்பதை நிறுத்தினார், நான் போய் ஒட்டிக்கொண்டேன். ஒரு வார்த்தையும் பேசவில்லை.

விஜயாபதிக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை. சக்கரத்தில் முள் ஏறியிருந்தது, ஒட்டுவது எங்கள் வேலை, நிழல் மட்டும் கேட்டோம். கடைக்காரர் விடவில்லை. தன் பம்பை எடுத்து வந்தார். எங்கள் டியூபில் இருப்பது மெல்லிய ஃபிரெஞ்சு வால்வு, அவர் பம்ப் ஊர்ச் சைக்கிளின் வால்வுக்கானது. சேராது என்று சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு டப்பாவைத் துழாவி, பித்தளையில் ஒரு சிறு அடாப்டர் எடுத்து வந்தார். எப்போதோ கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்குக் கிளம்பிய ஒரு பையன் கொடுத்துவிட்டுப் போனதாம். "திரும்ப யாராவது வருவாகன்னு வச்சிருந்தேன்" என்றார். ஒட்டுக்குக் காசு வாங்கவில்லை. கருப்பட்டியில் ஒரு சிரட்டை கொடுத்தோம், அதை வாங்கிக்கொண்டார்.

கூடங்குளத்தில் டீ. 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன, இன்னும் நான்கு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வரும் வழியெல்லாம் பார்த்த காற்றாலைகளும் அந்த உலைகளும் ஒரே பார்வையில் தெரியும் இடம் அது. இடிந்தகரைப் பெண்கள் 2011-லிருந்து மாதா கோயில் முன்னால் பந்தலில் உட்கார்ந்து போராடியதை நாங்கள் இரண்டு பேரும் கல்லூரி நாட்களில் செய்தியாகப் படித்தவர்கள். அந்த ஊர்க் கடலைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று இருந்தது. பொழுது இடம் கொடுக்கவில்லை. அதற்காகவே ஒருமுறை திரும்ப வர வேண்டும்.

செட்டிகுளம் தாண்டியபோது அத்தானுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இறங்கி நின்றார். அமுக்கிவிட்டேன். "இப்ப நீ போட்டி, நான் பின்னால வாரேன்" என்றார். அதுவரை அவர் உடம்பு எனக்கு மறைவாக இருந்தது. என் உடம்பு அவருக்குப் பாதிதான் மறைக்கும் என்று முன்பே சொன்னேன். ஹேண்டில்பாரில் முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டினால் நான் இன்னும் சின்னதாகிவிடுவேன், அவருக்கு மறைவு குறையும். நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்குக் காற்று கூடுதலாகப் பட்டாலும் அவருக்குக் கொஞ்சம் கிடைக்கட்டும். அஞ்சுகிராமம் வரைக்கும் அப்படியே மிதித்தேன். ஒவ்வொரு மைல்கல்லிலும் திரும்பிப் பார்த்தேன். அஞ்சுகிராமத்தில் தெருவிளக்கு போட்டிருந்தார்கள், காற்று தளர்ந்திருந்தது. கடைசி ஒரு மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினோம், விளக்கு வெளிச்சத்தில், எலைசாவைப் பற்றியும் அந்த அடாப்டர் பையனைப் பற்றியும் பேசிக்கொண்டு.

கன்னியாகுமரியில் ஒரு மெஸ்ஸில் மீன் குழம்பும் சோறும். அத்தான் மூன்றாவது தடவை சோறு வாங்கினார். மறுநாள் சாயங்காலம் ரயில், சைக்கிள்களைப் பார்சலில் போடுவதாக ஏற்பாடு. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர், போனில் காற்று வரைபடத்தைத் திறந்து என் பக்கம் நீட்டினார்.

"இதே காத்து நாளைக்கும் இருக்கு. திரும்பிப் போனா முதுகுல அடிக்கும். தூத்துக்குடி வரைக்கும் தள்ளிட்டுப் போயிரும்."

"இடிந்தகரையையும் பாத்துரலாம்."

"பெரியம்மா வீட்ல ஒருநாள் இருக்கலாம்."

அங்கேயே உட்கார்ந்து டிக்கெட்டை ரத்து செய்தேன்.